மொரீஷியஸில் சின்னப் பிள்ளைகளோடு கார் இல்லாமல்: மெட்ரோவா, பஸ்ஸா, டாக்ஸியா?

மொரீஷியஸுக்கு வேலைக்கு வரும் நம் குடும்பங்கள் வீடு பார்த்த கையோடு ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் ஒன்றையும் விசாரிக்கத் தொடங்கிவிடுகின்றன. கைக்குழந்தை இருந்தால் சொல்லவே வேண்டாம். "பிள்ளையை வெச்சுக்கிட்டு பஸ்ல எப்படி?" என்று அக்கம்பக்கத்தில் கேட்காத ஆள் இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்களும் முதல் பிள்ளை பிறந்ததும் கார்க் கடனுக்குப் போவதைப் பார்க்கிறேன். நாங்கள் காத்ர் போர்னில் இரண்டு பிள்ளைகளோடு கார் இல்லாமல்தான் இருக்கிறோம். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. இது தியாகமும் இல்லை, சிக்கனத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதும் இல்லை. வீடு இருக்கும் இடம் அதற்கு ஒத்துவருகிறது, அவ்வளவுதான்.

அதனால் எந்த வண்டி நல்லது என்று ஒப்பிடுவதற்கு முன்னால், எந்த ஊரில், எந்தத் தெருவில் வீடு என்பதை முடிவு செய்யச் சொல்வேன். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே கார் வேண்டுமா வேண்டாமா என்பதில் பாதி முடிவாகிவிடுகிறது.

தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து க்யூர்பீப் வரை சுமார் 26 கிலோமீட்டருக்கு மெட்ரோ ஓடுகிறது. 2019 கடைசியில் ரோஸ் ஹில் வரை வந்தது, 2022இல் க்யூர்பீப்பைத் தொட்டது. 2023 தொடக்கத்தில் ரோஸ் ஹில்லிலிருந்து எபேன் வழியாக ரெட்விக்கு ஒரு கிளையும் சேர்ந்தது. அலுவலகங்கள் குவிந்திருக்கும் எபேனில் வேலை என்றால் இந்தக் கிளை பெரிய வரம். ரோஸ் ஹில்லில் மெட்ரோ நிலையமும் பஸ் நிலையமும் பக்கத்தில் பக்கத்தில். சந்தையும் நடை தூரத்தில். கார் இல்லாமல் குழந்தை வளர்க்க இந்தத் தீவிலேயே வசதியான ஊர் எது என்று கேட்டால் ரோஸ் ஹில் என்றுதான் சொல்வேன். அடுத்த நிலையங்களில் போ பாசானும் நல்ல ஊர். பிள்ளைகளை ஓடவிட பால்ஃபூர் தோட்டம் இருக்கிறது. காத்ர் போர்னில் காய்கறிச் சந்தை, கோயில், காந்தோஸில் இருக்கும் விக்டோரியா அரசு மருத்துவமனை எல்லாமே எட்டும் தூரம். க்யூர்பீப்புக்கும் மெட்ரோ வருகிறது, பஸ் நிலையமும் பெரியது. ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 550 மீட்டர் உயரம், ஆண்டு முழுக்க மழை. நிலையத்துக்கு மிக அருகில் வீடு கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். ஈரக் குடையோடும் அழும் குழந்தையோடும் கால் மணி நேரம் நடப்பது வாரத்தில் ஒரு நாள் என்றால் பரவாயில்லை, தினமும் என்றால் ஆளையே சாய்த்துவிடும்.

மோக்கா பக்கம் புதிதாக எழும்பும் குடியிருப்புகள் அழகாக இருக்கின்றன, வீடும் விசாலம். ஆனால் அவை காரை மனதில் வைத்துக் கட்டியவை. வாசலில் இறங்கி நடந்தால் பெருஞ்சாலைதான் வரும். அங்கே வீடு எடுத்துவிட்டு மெட்ரோ, பஸ் என்று திட்டம் போடாதீர்கள்.

சரி, வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தள்ளுவண்டியோடு போகிறவர்களுக்கு மெட்ரோவுக்கு நிகர் இங்கே எதுவும் இல்லை. தாழ்தள வண்டி, நடைமேடையும் வண்டித் தளமும் ஒரே மட்டம். குழந்தையை எழுப்பாமல், வண்டியை மடக்காமல், அப்படியே உருட்டிக்கொண்டு உள்ளே போகலாம். உள்ளே குளிர்சாதனம் உண்டு. போர்ட் லூயிஸிலிருந்து க்யூர்பீப்புக்கு முக்கால் மணி நேரம் போல ஆகும். காலையில் தலைநகரை நோக்கியும் சாயங்காலம் திரும்பியும் கூட்டம் நெரியும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஒன்பது மணிக்குப் பிறகு கிளம்பினால் பாதிச் சுமை குறைந்துவிடும். குழந்தை மருத்துவரிடம் நேரம் வாங்கும்போதே பத்து மணிக்கு மேல் கேட்டு வாங்குங்கள்.

மெட்ரோவில் நான் பயப்படுவது ஒன்றே ஒன்றுதான். பல இடங்களில் அது தெருவோடு தெருவாக ஓடுகிறது, நாமும் தரைமட்டத்திலேயே தண்டவாளத்தைக் கடக்கிறோம். மின்சார வண்டி என்பதால் சத்தமே இல்லாமல் வந்து நிற்கும். நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு ரோடு கடக்கச் சொல்லிக் கொடுப்பது போலவே இதையும் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு வண்டி போனதும் ஓடிவிடக் கூடாது, எதிர்த் தடத்தில் இன்னொன்று வரலாம். என் மகள் இப்போது கடக்கும் இடத்தில் தானாக நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறாள். ஆனாலும் கையை விடுவதில்லை.

இந்தத் தீவில் 1864 முதலே ரயில் ஓடியது. 1956இல் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள். இன்றைய மெட்ரோ பெரும்பாலும் அந்தப் பழைய ரயில் தடத்தின் மேலேயே போகிறது. பழைய ஊர்கள் எல்லாம் அந்தத் தடத்தை ஒட்டி வளர்ந்தவை. கடைத்தெருவுக்கு நடுவிலேயே நிலையங்கள் அமைந்தது அதனால்தான். குழந்தையோடு போகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பஸ் வேறு கணக்கு. மெட்ரோ ஒரு முதுகெலும்பு மட்டும்தான். தீவு முழுக்கப் போவது பஸ். அரசு நிறுவனமான என்.டி.சி., அப்புறம் யுனைடெட், த்ரியோலே, ரோஸ் ஹில் டிரான்ஸ்போர்ட் என்று தனியார் நிறுவனங்களும் ஓட்டுகின்றன. ஓடுவதில் நிறைய நம் ஊரில் பார்த்துப் பழகிய அசோக் லேலண்ட் வண்டிகள். அவற்றின் நல்லதும் கெட்டதும் நமக்குத் தெரிந்ததுதான். பல பஸ்களில் உயரமான படிகள், ஒடுக்கமான நடைபாதை. அண்மை ஆண்டுகளில் படி தாழ்ந்த வண்டிகளும் வந்திருக்கின்றன, ஆனால் உங்கள் நிறுத்தத்துக்கு வரப்போவது எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் பஸ்ஸில் போகும் நாளில் தள்ளுவண்டியை மறந்துவிடுங்கள். குடை போல மடங்கும் சின்ன வண்டி ஒன்றுதான் விதிவிலக்கு. அதற்கும் குழந்தையைத் தூக்க ஒரு கை, வண்டிக்கு ஒரு கை, கம்பியைப் பிடிக்க ஒரு கை வேண்டும்.

பஸ்ஸின் பலம் மனிதர்கள். நடத்துனர் இருப்பார், வந்து சீட்டுக் கொடுப்பார். குழந்தையோடு ஏறினால் யாராவது எழுந்து இடம் தருவார்கள். பள்ளிப் பையன்கள்கூடப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். சீட்டைத் தூக்கிப் போடாமல் இறங்கும்வரை வைத்திருங்கள், நடுவில் பரிசோதகர் ஏறுவார். எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். முன்னால் தடுப்பு எதுவும் இல்லாத இருக்கையில் மடியில் குழந்தையோடு உட்காரவே கூடாது, பிரேக் போட்டால் பிடிமானம் இருக்காது. கடைசி வரிசை தூக்கிப் போடும். நடுவில், ஜன்னலோரம் பிள்ளை, வழியோரம் நீங்கள். வாந்தி வரும் பிள்ளை என்றால் நடுவுக்குக் கொஞ்சம் முன்னால். தெற்கே மலைப்பக்கம் போகும் வளைவுச் சாலைகளில் இது ரொம்ப உதவும்.

பலவீனம் நேரம். கிராமப் பக்கம் சாயங்காலம் ஆறு, ஆறரை தாண்டினால் பஸ் அரிது. இங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே இருட்டியும்விடும். உறவினர் வீட்டுக்கு ஃப்ளாக்குக்கோ மாயேபூருக்கோ போனால் சாப்பாட்டுக்குப் பிறகு அரட்டையில் உட்கார முடியாது. நான்கு மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். அதே சமயம் இரண்டரை மணிக்குக் கல்லூரி (இங்கே உயர்நிலைப் பள்ளியைத்தான் அப்படிச் சொல்வார்கள்) விட்டதும் ரோஸ் ஹில்லிலும் க்யூர்பீப்பிலும் சீருடைப் பிள்ளைகள் பஸ்ஸை நிரப்பிவிடுவார்கள். இரண்டரை முதல் மூன்றரை வரை சின்னப் பிள்ளையோடு பஸ் நிலையத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்வேன்.

தள்ளுவண்டியா, தூளி போலக் கட்டிக்கொள்ளும் சுமைப்பையா என்பதை அம்மாக்கள் வீட்டுக்குள் தீர்க்கும் விஷயமாக நினைக்கிறோம். உண்மையில் எந்த வண்டியில் ஏறலாம் என்பதைத் தீர்மானிப்பதே அதுதான். தள்ளுவண்டி மட்டும் இருப்பவருக்கு மெட்ரோவும், மெட்ரோ நிலையத்தைச் சுற்றிய தெருக்களும்தான் உலகம். அந்தத் தெருக்களிலும் நடைபாதை பல இடத்தில் ஒரு முழம்தான், அதன் மேலும் கார் ஏறி நிற்கும், ஓரத்தில் மூடாத சாக்கடைக் கால்வாய். சக்கரத்தை ரோட்டில் இறக்கித்தான் போக வேண்டியிருக்கும். சுமைப்பை இருப்பவருக்கு பஸ், படிக்கட்டு, சந்தை நெரிசல் எல்லாம் திறந்துவிடும். தெருநாய் வந்தாலும் குழந்தை நெஞ்சோடு இருக்கிறது. காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்கு எத்தனை படி ஏற வேண்டும் என்று போனவர்களுக்குத் தெரியும். தைப்பூசக் காவடி நாளில் அங்கே தள்ளுவண்டியோடு என்ன செய்ய முடியும்?

ஒன்று மட்டும் வாங்கலாம் என்றால் சுமைப்பை வாங்குங்கள். குழந்தையின் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து, தொடைகள் முழுவதும் துணியில் தாங்கியிருக்க வேண்டும். முகம் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மூக்கு எதிலும் அழுந்தக் கூடாது, தாடைக்கும் மார்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். கோடையில் போர்ட் லூயிஸ் வெயிலில் இரண்டு உடம்புச் சூடும் சேரும், அதனால் தடித்த துணி இந்த ஊருக்கு ஆகாது. வலை போன்ற துணியில் கிடைப்பதைப் பாருங்கள். ஒன்றரை வயதுக்கு மேல் முன்னால் கட்டினால் இடுப்பு ஒடியும், முதுகுப் பக்கம் மாற்றிவிடுங்கள். இரண்டாவது வாங்க வசதி இருந்தால் மடக்குக் குடைவண்டி. பெரிய சக்கரம் வைத்த கனத்த வண்டியை அன்பளிப்பாகக் கொடுத்தாலும் அது வீட்டு மூலையில்தான் நிற்கும்.

டாக்ஸியைக் கார் இல்லாதவர்களின் கார் என்று நினைப்பது சரிதான், ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, கட்டணம். மீட்டரை நம்பி ஏற முடியாது, ஏறும் முன் பேசிவிட வேண்டும். உங்கள் பகுதி டாக்ஸி நிற்கும் இடத்தில் நம்பகமான ஒருவரைப் பழக்கம் பிடித்து, அவர் எண்ணை வைத்துக்கொள்வதுதான் இங்கே எல்லோரும் செய்வது. வாரச் சாமான் வாங்கும் நாளும் தடுப்பூசி நாளும் அவரே வருவார், கட்டணமும் பழக்கத்தில் ஒரு நிலைக்கு வந்துவிடும். இரண்டு, குழந்தை இருக்கை. டாக்ஸியில் அது இருக்கும் என்று எதிர்பார்க்கவே முடியாது. சுமைப்பையில் கட்டிக்கொண்டு டாக்ஸியில் உட்காருவது பாதுகாப்பு ஆகாது. மோதினால் உங்கள் உடல் எடை முழுக்கக் குழந்தை மேல்தான் அழுந்தும். ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போடுவதும் அதே ஆபத்து. கைக்குழந்தைக்கு, அடித்தளம் இல்லாமல் கார் பெல்ட்டைக் கொண்டே கட்டக்கூடிய, பின்னோக்கிப் பார்க்கும் தொட்டில் இருக்கை கிடைக்கிறது. ஒரு கையில் தூக்கலாம், முன்னால் காற்றுப்பை உள்ள இருக்கையில் மட்டும் வைக்கக் கூடாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு உயரம் கூட்டும் இருக்கை போதும், மடித்துப் பையில் போடும் வகையும் உண்டு. நடுவில் இருக்கும் இரண்டு முதல் நான்கு வயதுதான் கஷ்டம். அந்த வயது இருக்கைகள் கனமானவை. எங்கள் வீட்டுச் சின்னவன் இப்போது அந்த வயதை நெருங்குகிறான். பழகிய டாக்ஸிக்காரரிடம் இருக்கையை முன்கூட்டிச் சொல்லிக் கட்ட வைப்பதாகப் பேசியிருக்கிறோம்.

பஸ் தடத்திலேயே ஆள் சேர்த்துக்கொண்டு போகும் பங்கு டாக்ஸிகளும் உண்டு, டாக்ஸி-ட்ரேன் என்பார்கள். தனியாகப் போனால் சௌகரியம். பிள்ளையோடு வேண்டாம். பின்னிருக்கையில் நெருக்கி உட்கார வைப்பார்கள், பெல்ட் எட்டாது.

பள்ளிக்கு அனுப்புவதில் மூன்று வழி இருக்கிறது. நடப்பது, பஸ், பள்ளி வேன். மாணவர்களுக்கும் முதியோருக்கும் 2005 செப்டம்பர் முதல் பஸ் இலவசம். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் பேரப்பிள்ளையும் அவர்களும் செலவே இல்லாமல் போய்வரலாம். இங்கே பல தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையைக் கொண்டுவிடுவது பாட்டிதான். மாதச் சம்பளம் போலக் கொடுத்தால் வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் முதலில் ஏற்றும் பிள்ளை எல்லா வாசலையும் சுற்றிவிட்டுத்தான் பள்ளி போகும். வேன் பேசும் முன் வழித்தடத்தில் நம் வீடு எத்தனையாவது என்று கேளுங்கள். உரிமம் இருக்கிறதா, இருக்கைக்கு மேல் பிள்ளைகளை ஏற்றுகிறார்களா, ஏற்றி இறக்க ஒரு பெண் துணை இருக்கிறாரா என்பதையும் பாருங்கள். முதல் வாரத்தில் ஒரு நாள் காலையில் பள்ளி வாசலில் நின்று வேனிலிருந்து எத்தனை தலை இறங்குகிறது என்று எண்ணிப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளையை நான் வேனில் அனுப்ப மாட்டேன். அந்த வயதுக்கு நடை தூரத்தில் இருக்கும் சாதாரணப் பாலர் பள்ளி, தூரத்தில் இருக்கும் பேர்பெற்ற பள்ளியைவிட நல்லது. மழையில் நனைந்து, காத்திருந்து, தூங்கி வழிந்து வந்து சேரும் பிள்ளை என்ன கற்கும்? இதில் பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள், தெரியும்.

சைக்கிளைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. வடக்கே கிராண்ட் பே, த்ரியோலே, குட்லண்ட்ஸ் பக்கம் தரை சமம், உள்தெருக்களில் பாலர் பள்ளிக்குப் பின்னிருக்கையில் வைத்துக் கொண்டுபோகலாம். பின்னிருக்கைகள் பொதுவாக 9 முதல் 22 கிலோ வரை தாங்கும்படி செய்தவை. குழந்தை தானாக நிமிர்ந்து உட்கார வேண்டும், தலைக்கவசம் வேண்டும். ஜூன் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டும் காலம், ஒடுக்கமான சாலைகளில் கரும்பு லாரி வரும், அப்போது பெரிய ரோட்டுக்கு வராதீர்கள். மேட்டுநில ஊர்களில் ஏற்றமும் போக்குவரத்தும் சேர்ந்து சைக்கிளை வேண்டாம் என்று சொல்லவைக்கும். ஸ்கூட்டரில் அப்பா அம்மா நடுவில் பிள்ளை என்பது நமக்கு ஊரில் பழகிய காட்சி, இங்கேயும் பார்க்கலாம். கால் மிதிபலகைக்கு எட்டாத, தலைக்கவசம் சரியாகப் பொருந்தாத பிள்ளையை ஏற்ற வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

கார் இல்லையென்றால் புயல் காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், நான்கு படிகளாக வரும் புயல் எச்சரிக்கையில் மூன்றாவது வந்துவிட்டால் பஸ் கிடையாது, வெளியே போகவும் கூடாது. ஆக, முதல் எச்சரிக்கையிலேயே பால்மாவு, டயபர், மருந்து வாங்கி வைத்துவிட வேண்டும். கார் இருந்தாலும் செய்ய வேண்டியது அதையேதான். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது போர்ட் லூயிஸில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். பெருமழை நேரத்தில் காருக்குள் இருப்பதைப் பாதுகாப்பு என்று நான் நினைக்கவில்லை.

நடு இரவில் காய்ச்சல் என்பது வேறு. அது நியாயமான பயம், அதற்கு முன்னேற்பாடு வேண்டும். அவசரம் என்றால் 114ஐ அழைத்தால் சாமு ஆம்புலன்ஸ் வரும். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. அவ்வளவு அவசரம் இல்லாத, ஆனால் விடியும்வரை காத்திருக்கவும் முடியாத காய்ச்சலுக்கு, இரவில் போன் எடுக்கும் டாக்ஸிக்காரர்களின் எண்கள் குறைந்தது இரண்டு கைவசம் இருக்க வேண்டும். கார் இருக்கும் அண்டை வீட்டார் ஒருவரிடமும் முன்கூட்டியே, பகலில், சாவகாசமாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் அப்படிக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரைக்கு? நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வேனோ பஸ்ஸோ பேசிக்கொண்டு, பிரியாணி அண்டாவோடு ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் போவது இங்கே எல்லாச் சமூகத்துக்கும் உள்ள வழக்கம். பிள்ளைகளுக்கும் அதுதான் கொண்டாட்டம். ஆளுக்கொரு காரில் போய் நிழலில் நிறுத்த இடம் தேடுவதைவிட எவ்வளவோ மேல்.

ஆனாலும் கார் வாங்குங்கள் என்று நானே சொல்லும் குடும்பங்கள் உண்டு. தமரன், மாயேபூர் போல மெட்ரோ எட்டாத கரையோர ஊரில் வீடு, பெற்றோர் இருவருக்கும் வெவ்வேறு திசையில் வேலை, மூன்று வயதுக்குள் இரண்டு பிள்ளைகள், பக்கத்தில் பாட்டி இல்லை என்றால் தயங்கவே வேண்டாம். இரவுப் பணி பார்க்கும் நர்ஸுக்கும், அடிக்கடி சிகிச்சைக்குப் போக வேண்டிய குழந்தை இருக்கும் வீட்டுக்கும் அப்படித்தான். மற்றவர்கள் முதல் ஆறு மாதம் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்து பாருங்கள். கார் தவணைக்கு ஒதுக்க நினைத்த பணத்தைத் தனியே எடுத்து வைத்து, டாக்ஸி, வேன் எல்லாம் அதிலிருந்தே கொடுங்கள். ஆறு மாத முடிவில் அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கார்க்கடைக்குப் போகலாமா என்று பேசுங்கள்.